விகாரனுக்கு ஒரு பெயர்

நவம்பர் 17

வந்து சேர்ந்தோம். கணவாயைப் பனி மூடிவிடும் என்ற பயத்தில் அண்ணன் திரிபோ குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. ஆற்றுத் துறையில் என்னையும் என் இரண்டு பெட்டிகளையும் மாப்பிள்ளை வீட்டார் கையில் ஒப்படைத்துவிட்டு அங்கேயே திரும்பிவிட்டான்.

"ஜார்ஜ் திருநாளன்னைக்கு வர்றேன், மாருஷா. எல்லார் முன்னாலயும் உன்னைக் கேட்பேன். இருக்கறதுன்னா இரு. வர்றதுன்னா மூட்டையைக் கட்டி வை. வெட்கப்படாதே."

இது எங்கள் ஊரான கோட்டோரின் ஆயர் போட்ட நிபந்தனை. நாங்கள் ரோமச் சபையைச் சேர்ந்தவர்கள், இவர்கள் கீழைச் சபை. அதனால் பெண் ஒரு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டுத் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கும் அது வசதியாகப் போயிற்று. மணமகனின் அப்பாவான பெரியவர் இறந்து ஓராண்டு முடியாமல் இங்கே மணமுடி சூட்ட மாட்டார்களாம். அப்பாவுக்கு இந்த மலைவழியே தன் உப்பு மூட்டைகள் பயமில்லாமல் போனால் போதும். என் பங்குக்கு வந்தது மணமகன்.

அவருடைய பெயர் கிர்தான். இவர்களின் ஸ்லாவிய மொழியில் "விகாரமானவன்" என்று பொருள். பெரியப்பா மகள்கள் கப்பல்துறை வரை வந்து சிரித்தார்கள். "பெத்தவளே அப்படிப் பேர் வச்சிருக்கான்னா, முகம் எப்படி இருக்கும்டீ?"

ஆற்றில் என் கோவேறு கழுதையின் கடிவாளத்தைப் பிடித்துக் கரையேற்றியவர் அவர்தான். முகத்தில் குறை ஒன்றும் இல்லை. பதிவு சரியாக இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நவம்பர் 19

இந்த நாட்டில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வரும் பெண் அடுப்பங்கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் புதுப்பெயர் வைக்க வேண்டும். பழைய பெயரை அவள் வாயால் சொல்லக்கூடாது. தான் வைத்த பெயராலேயே சாகும்வரை கூப்பிட வேண்டும். மாமியாருக்கு மட்டும் விலக்கு, அவர் எப்போதும் "அம்மா".

முதலில் நாத்தனார் விஷ்னியா வந்து நின்றாள். பதினைந்து வயது. நின்ற இடத்தில் நிற்காதவள். "அண்ணி, பார்த்து வைங்க. பக்கத்துக் கோட்டைக்கு வந்த பொண்ணு அவ நாத்தனாருக்கு முள்ளங்கின்னு வச்சிட்டா. அவ இன்னும் முள்ளங்கிதான். அந்தப் பேருக்காகவே ரெண்டு மாப்பிள்ளை திரும்பிப் போயிட்டாங்க."

"குருவி" என்று வைத்தேன். தாவிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து, இறந்த பெரியவரின் அண்ணன் ஒப்ராத். தாடிக்குள் எங்கோ முகம் வைத்திருப்பவர். அவருக்கு இனிமையாக ஒன்று வைக்க நினைத்தேன். இங்கே "மெட்" என்றால் தேன். எங்கள் ஊரில் எந்தச் சொல்லையும் ஓகாரத்தில் இழுத்து முடிப்போம். அதே பழக்கத்தில் "மெடோ" என்று சொல்லிவிட்டேன். மெடோ என்றால் இவர்களுக்குக் கரடி.

ஒப்ராத் என்னை வெகுநேரம் பார்த்தார். "அறுபது வருஷமா எல்லாரும் மனசுக்குள்ள சொன்னது. வாயைத் திறந்து சொன்னது இவ ஒருத்திதான்" என்று தாடியைத் தடவிக்கொண்டார். இனி அவர் கரடி மாமா.

கடைசியில் எல்லோரும் மணமகனைப் பார்த்தார்கள். குருவிதான் விளக்கினாள். கணவனாகப் போகிறவருக்கு இப்போது பெயர் கிடையாது. திருமண நாளன்று வாசற்படியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்தான் சம்மதம். கொடுக்காமல் போனால் திருமணம் இல்லை. அதுவரை அவர் வெறும் "அவர்".

"அவசரமில்ல, ஒரு குளிர்காலம் முழுசா இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனார். விறகு ஏற்கெனவே நிறைய இருந்தது.

நவம்பர் 26

மழை. கம்பளியில் சிக்கெடுத்தேன். கை முழுக்க ஆட்டு வாடை.

டிசம்பர் 6, புனித நிக்கோலா திருநாள்

கோயிலுக்குப் போனோம். சுவர் முழுக்கப் புனிதர்கள், பெரிய கண்கள். எங்கள் புனிதர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள்.

வெளியே மூன்று சிறிய கற்கள். அம்மா ஒவ்வொன்றின் மேலும் வேகவைத்த கோதுமை வைத்தார். நான் கேட்கவில்லை, குருவியே சொன்னாள்.

"அண்ணனுக்கு முன்னால பிறந்தவங்க. பொன்னன், அழகி, மகிழன். எல்லாருக்கும் ஆசை ஆசையாத்தான் பேர் வச்சாங்களாம். ஒண்ணும் தங்கல. நாலாவதா அண்ணன் பிறந்ததும், அம்மா முகத்தைக்கூடப் பார்க்காம 'விகாரன்'னு கத்தினாங்களாம், வெளியே நிக்கறதுக்குக் கேக்கணும்னு."

"வெளியே யார் நின்றது?"

குருவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாவு, அண்ணி."

அப்பாவின் வீட்டில் இருந்த நூல்களையெல்லாம் படித்தவள் நான். காய்ச்சலுக்கும் பெயருக்கும் தொடர்பு இருப்பதாக எதிலும் படித்ததில்லை. ஆனால் பெரியப்பா மகள்களோடு சேர்ந்து நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்று முழுவதும் அந்தச் சிரிப்பு நினைவில் வந்துகொண்டே இருந்தது.

டிசம்பர் 14

அவர் மேற்கே காவல் கோபுரத்துக்குப் போயிருக்கிறார். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 17

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 18

இன்று நிறைய நடந்தது. பாலாடைக்கட்டி பிழிந்தோம். கரடி மாமா ஒரு நாயை மிதித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். வெயில் வந்தது. அவரும் வந்தார்.

டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு

நேற்று மாலை கருவாலி மரம் ஒன்றை வெட்டி இழுத்து வந்து, அதன் அடிக்கட்டையை முழுதாக அடுப்பில் வைத்தார்கள். அது எரிந்து முடிவதுதான் இவர்களுக்குத் திருநாள். காலையில் கைநீளத்துக்கு ஒரு கரிக்கட்டை மிஞ்சியது. அதற்கு "உகரக்" என்று பெயர், அணைந்த கொள்ளிக்கட்டை. நம் ஊரில் அதைத் தெருவில் எறிவோம். அவர் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்த் தோட்டத்துப் பேரி மரத்தின் கவட்டையில் வைத்தார். நானும் போனேன், குளிர் எப்படி இருக்கிறது என்று பார்க்க.

"இது எதுக்கு?"

"மரம் நல்லா காய்க்குமாம்."

"கரிக்கட்டைக்கு அவ்வளவு சக்தியா?"

"நெருப்பு தின்னு பார்த்து மிச்சம் வச்சிட்டுப் போனது. இனிமே இதை யார் தின்பாங்க? பூச்சிகூடத் தொடாது." கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "எனக்கும் சரியாத் தெரியாது. எங்கப்பா வைப்பார், நான் வைக்கறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆண்கள் கோட்டோரில் குறைவு. அல்லது நான் பார்த்தவர்கள் அப்படி.

ஜனவரி 15

என் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இந்தக் குறிப்புகளைக் காட்டவில்லை, வேறொரு தாளில் சில சொற்கள் எழுதிக் காட்டினேன். அவருக்கு அவர்கள் எழுத்துதான் தெரியும், எனக்கு எங்கள் எழுத்துதான். அவர் சாம்பலில் விரலால் ஒரு சொல் எழுதினார். பார்க்க எங்கள் எழுத்துகள் போலவே இருந்ததால் நான் எங்கள் வழக்கப்படி "போகா" என்று படித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரோஸா. இந்த எழுத்து 'ர', இது 'ஸ'."

"ரோஸா எங்கள் சொல்தானே. ரோஜாப்பூ."

"இல்ல, எங்க சொல். பனித்துளி. காலையில புல்லு மேல இருக்குமே."

இரண்டு பேரும் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், "உங்க ஊர்ல பூ. இங்க அது மேல விழுற துளி. பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

அம்மா வந்து அடுப்பைக் கிளறினார். சொல் போய்விட்டது.

பிப்ரவரி 3, புனித திரிபோன் திருநாள்

எங்கள் ஊர்த் திருவிழா. இந்நேரம் கப்பல்களில் கொடி ஏறியிருக்கும், அண்ணன் தன் பெயர்ப் புனிதருக்காக அளவுக்கு மேல் குடித்திருப்பான். காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை.

மதியம் அவர் வந்தார். தலையெல்லாம் பனி. வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு பொட்டலத்தை நீட்டினார். நார் கோத்து உலர்த்திய அத்திப்பழம். கடற்கரையிலிருந்து வந்த பொதிக்காரர்களிடம் இலையுதிர் காலத்திலேயே வாங்கி, இன்றுவரை ஒளித்து வைத்திருந்தாராம். "உங்க ஊர்த் திருவிழா இன்னைக்குன்னு சாமியார் சொன்னார்."

பனி உருகிப் புருவத்தில் சொட்ட, பாராட்டை எதிர்பார்க்காமல் அப்படியே நின்றார். என் வாயிலிருந்து, என்னைக் கேட்காமலேயே, எங்கள் ஊர்ச் சொல் வந்துவிட்டது: "பெல்லோ."

கரடி மாமா நிமிர்ந்தார். "பெலோவா? வெள்ளையா? எது வெள்ளை?"

இவர்கள் பேச்சில் பெலோ என்றால் வெண்மை. எல்லோரும் சிரித்தார்கள். "பனியைச் சொல்றாங்க." "இல்ல, அண்ணன் மூஞ்சியை. ரெண்டு நாளாக் குளிச்சிருக்கார்ல." நானும் சிரித்தேன். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பில் புத்தி கெட்டு விளக்கமும் சொன்னேன்: "எங்க ஊர்ல அதுக்கு அழகன்னு அர்த்தம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். தரையில் மூன்று முறை துப்பினார். ஒரு பிடி உப்பை அள்ளி நெருப்பில் போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார்: "பொய். அவன் விகாரம். பார்க்கவே சகிக்காது."

பிப்ரவரி 9

கீழே ஆட்டுப்பட்டிக்கு வைக்கோல் கொண்டுபோனபோது ஆற்றில் உறைந்திருந்த பனி உடைந்து அவர் நீரில் விழுந்திருக்கிறார். தானே ஏறி நடந்து வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

பிப்ரவரி 10

காய்ச்சல்.

பிப்ரவரி 11

காய்ச்சல்.

பிப்ரவரி 12

குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு நெஞ்சில் சளி கட்டும், அதனால் காய்ச்சல் வரும். மருத்துவ நூல் தெளிவாகச் சொல்கிறது. ஆற்றில் பனி உடைந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய இரண்டு நாள் வெயில். ஒரு சொல்லால் பனி உடையாது. இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் சரியாகவே இருக்கிறது.

அம்மா என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 14

யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிடி உப்பை எடுத்து நெருப்பில் போட்டேன். எங்கள் ஊர் உப்பு. எத்தனை மலை ஏறி வந்தது என்று எனக்குத் தெரியும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17

வியர்த்துவிட்டது. கண் திறந்து, "அத்திப்பழம் மீதி இருக்கா, எல்லாத்தையும் குருவி தின்னுட்டாளா?" என்றார்.

குருவிதான் தின்றிருந்தாள். அவள் அழுதாள், எல்லோரும் அதைத் தின்றதற்கான அழுகை என்று எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 13

தவக்காலம். இறைச்சி இல்லை, பால் இல்லை. அம்மாவும் நானும் செந்தட்டிக் கொழுந்து பறிக்கப் போனோம். கையில் துணி சுற்றிக்கொண்டு பறித்தாலும் அரிக்கிறது. ஓடை தாண்டியதும், அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அம்மா முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"உன்மேல எனக்குக் கோபமில்ல, மகளே. நீ புத்தகம் படிச்சவ. உனக்கு இதெல்லாம் கிறுக்காத் தெரியும்."

"அப்படி இல்லம்மா."

"தெரியட்டும். எனக்கு மூணு கல்லு இருக்கு, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. "ஜார்ஜ் திருநாளன்னைக்கு நீ வாசப்படியில நின்னு அவனுக்குப் பேர் வைப்பே. ஊரே நிக்கும். எல்லா மருமகளும் அன்னைக்குத் தேனாட்டம் ஒரு பேர் வைப்பா. நானும் வச்சேன், அவங்கப்பாவுக்கு. விடியல்னு வச்சேன். வைக்காம விட்டா நீ இந்த வீட்டுப் பொண்ணு இல்ல. வச்சா…"

கூடை நிறைந்துவிட்டது. அவர் அதை அழுத்தி இடம் உண்டாக்கினார்.

"ஒரு மாசமா யோசிக்கறேன். உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனா அவனுக்குப் பொண்டாட்டி இல்லாமப் போனாலும் பரவாயில்ல, மகளே. அவன் இருக்கணும். உன் அண்ணன் வந்து கேட்டா, பேசாம கூடப் போயிடு. உன்னைத் தப்பா யாரும் பேச மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்."

கை இன்னும் அரிக்கிறது.

மார்ச் 20

அவர் கூரைப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார். கீழிருந்து பலகை எடுத்துக் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை.

"அம்மா உன்கிட்ட பேசினாங்களாமே."

"ஆமாம்."

மேலே கொஞ்ச நேரம் தட்டும் சத்தம்.

"அவங்க சொல்றதுக்காக நீ போகவும் வேண்டாம். எனக்காக இருக்கவும் வேண்டாம்." மறுபடி தட்டல். "பேரில்லாம இருக்கறதும் நல்லதுதான். சாவு வந்தா யாரைன்னு கேக்கும்?"

"வேடிக்கையா இருக்கா?"

"இல்ல. அடுத்த பலகை குடு."

கொடுத்தேன். அவர் கை பலகையோடு என் கையையும் சேர்த்துப் பிடித்தது. தவறுதலாக இருக்கலாம். பலகை அகலமானது.

ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிறு

சிவப்பு முட்டைகள். முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டில் கரடி மாமாவின் முட்டை எல்லோருடைய முட்டையையும் உடைத்தது. மரமுட்டைக்குச் சாயம் பூசி ஏமாற்றப் பார்த்தவர் அகப்பட்டார்.

ஏப்ரல் 12

பெயர்கள் யோசிக்கிறேன். படித்த எல்லாவற்றிலிருந்தும் பெயர்கள் வருகின்றன, எல்லாமே அழகானவை. ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லும்போது கோயிலுக்கு வெளியே உள்ள மூன்று கற்களும் தெரிகின்றன. பேசாமல் அண்ணனோடு போய்விடுவது எளிது. பெட்டிகளைத் திறந்து துணிகளை மடித்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். மடிப்பு சரியில்லை.

ஏப்ரல் 19

பேரி மரத்தில் மொட்டு. கவட்டையில் கரிக்கட்டை அப்படியே இருக்கிறது. பனி, மழை, காற்று எதுவும் அதை ஒன்றும் செய்யவில்லை. அதன் மேல் ஒரு சிட்டு உட்கார்ந்திருந்தது. நான் வெகுநேரம் அங்கே நின்றேன்.

ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள்

அண்ணன் காலையிலேயே வந்துவிட்டான். புதுத் தொப்பி, பழைய இருமல். என்னைப் பார்த்ததும், "இளைச்சிட்டே. கை ஏன் இப்படிக் காய்ச்சிருக்கு?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மணமுடிகளை ஏந்திக்கொண்டு சாமியார், அக்கம்பக்கத்துக் கோட்டைக்காரர்கள், முள்ளங்கி என்று அழைக்கப்படும் அந்தப் பெண்ணும். நல்ல களையான பெண்.

அவர் வாசற்படிக்கு உள்ளே, நான் வெளியே. அம்மா கதவோரம் நின்றார். தலைத்துணி முனையின் முடிச்சில் உப்பு இருந்தது, அந்த முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாருஷா. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. உன் வாயால சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் என் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் கட்டித் தயாராக முற்றத்தில் இருந்தன. அம்மாதான் கட்டி வைத்திருந்தார்.

உரக்கச் சொன்னேன், வெளியே நிற்பதற்கும் கேட்கும்படி: "உகரக்."

எங்கோ ஒரு ஆடு கத்தியது.

அண்ணனுக்கு ஸ்லாவியம் நன்றாகத் தெரியும். அவன் முகம் சிவந்தது. "கொள்ளிக்கட்டையா? எரிஞ்சு போன கொள்ளிக்கட்டைன்னா சொன்னே?" பிறகு எங்கள் பேச்சில், பல்லைக் கடித்துக்கொண்டு: "இவ்வளவு மோசமாவா நடத்தினாங்க? சொல்லியனுப்பியிருக்கக் கூடாதா? டேய், பெட்டியைத் தூக்குங்கடா."

அவனுடைய ஆட்கள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் அம்மா கதவோரத்திலிருந்து வந்தார். நடந்து வந்தாரா ஓடி வந்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். முடிச்சு அவிழ்ந்து உப்பெல்லாம் என் கழுத்தில் கொட்டியது.

"கொள்ளிக்கட்டை" என்றார். "கரிக்கட்டை. யாருக்கும் வேண்டாத கட்டை." தேனை நக்குவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "நெருப்பே வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. இதை எவன் எடுப்பான்? எவனும் எடுக்க மாட்டான்." அப்புறம் அழுகையில் எதுவும் புரியவில்லை.

கரடி மாமா வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னைக் கரடின்னப்பவே நினைச்சேன். இவ பேர் வைக்கறதுல கெட்டிக்காரி."

அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மணப்பெண் மாப்பிள்ளையை ஏசிவிட்டாள், மாமியார் அவளைக் கொஞ்சுகிறாள். பாவம், கணவாய் ஏறி வந்த களைப்பு வேறு.

"இப்ப நீ வர்றியா, இல்லையா?"

"இல்லண்ணா. பெட்டியைக் கீழ வைக்கச் சொல்லு."

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தார். படியைத் தாண்டி வந்து, அண்ணன் ஆளின் தோளிலிருந்த என் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். உள்ளே போகும்போது என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "பூச்சிகூடத் தொடாதாம். நீ தொடுவியா?"

பதிலை இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 26

பேரி பூத்துவிட்டது. அண்ணன் நாளை கிளம்புகிறான். கோட்டோரில் என்ன சொல்வது என்று கவலைப்படுகிறான். என் கணவன் பெயர் விகாரன், நான் கூப்பிடுவது கொள்ளிக்கட்டை என்று பெரியப்பா மகள்களிடம் சொல்லச் சொன்னேன்.

கொள்ளிக்கட்டை இப்போது வேலியருகே நின்று கரடி மாமாவோடு ஏதோ வாதாடிக்கொண்டிருக்கிறார். தலையில் பூ உதிர்ந்து கிடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து இங்கே எங்கள் எழுத்தில், எங்கள் மொழியில், ஒரே ஒரு சொல் எழுதினேன். பிறகு அதன் மேல் மையைத் தடவி மூடிவிட்டேன்.

இந்த எழுத்தைப் படிக்க இந்த மலையில் யாரும் இல்லை. ஆனாலும்.